ரிட்டன்காரர் போட்ட கொட்டகை

நான் கச்சிராயபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காலத்தில், என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு ஒரு இடத்திலும் பற்ற வைக்கக் கூடாது என்று சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

மொபெட்டின் பின்னால் தகரங்களைக் கட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்து நின்றார். ஊரைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் மரம் அறுக்கிற மிஷின் ஒன்றை அவரே செய்து நிறுத்தியிருந்தார். லாரிச் சக்கரத்தின் ரிம் இரண்டு, அவற்றைச் சுற்றி ஓடும் ரம்பப் பட்டை, கட்டையை வைத்துத் தள்ள ஆங்கிள் இரும்பில் ஒரு தண்டவாளம், கிணற்றுக்குக் கரண்டு வந்ததும் யாரோ ஒதுக்கிப்போட்ட ஆயில் எஞ்சின். ரம்பப் பட்டையைத் தவிர எதுவும் புதிதில்லை. காகிதமெல்லாம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார். மேலே ஒரு கூரை மட்டும் வேண்டும். மழை பட்டால் பெல்ட் வழுக்கும், ரம்பம் துருப்பிடிக்கும்.

நான் வெல்டிங் மிஷினை வண்டியில் ஏற்றப் போனேன். வேண்டாம், கிளாம்ப்பு மட்டும் செய்து கொடு என்றார். முடுக்கினால் நிற்க வேண்டும், தளர்த்தினால் கழல வேண்டும்.

"கொட்டாய எதுக்குண்ணா கழட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்கன்னா குடுக்கணுமே தம்பி."

"யாரு கேப்பாங்க?"

"குடுத்தவங்க தான்."

இடிக்கிற வீடு, பிரிக்கிற கடை, மூடிய ரைஸ்மில் எங்கிருந்தாலும் அவர் போய் நிற்பார். பழைய மரமோ தகரமோ, பழைய சாமானுக்கு உண்டான விலையைக் கொடுத்துத்தான் வாங்குவார். வண்டியில் ஏற்றிய பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி வந்து, "இத்த நான் எடுத்துக்கினு போறேங்க. வேணும்னா சொல்லி அனுப்புங்க, கொண்டாந்து போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். விற்றவர்கள் சிரிப்பார்கள். விலை கொடுத்து வாங்கியவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று பாதிப் பேருக்கு விளங்காது. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிக்கு எங்கள் பக்கம் ரிட்டன் வண்டி என்று பேர். அதிலிருந்து இவருக்கும் ரிட்டன்காரர் என்று பேர் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார்.

அவர் மனைவி வெள்ளிமலைப் பக்கம் பிறந்தவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு இந்தக் குணத்தோடு குடித்தனம் பண்ணி அலுத்துப்போயிருந்தது. முதல் நாள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தபோதே சொன்னார்.

"இந்த வூட்ல என்னிதுன்னு சொல்லிக்க ஒண்ணும் கெடையாது தம்பி. எங்க அண்ணன் வந்து கேட்டா என்னியும் குடுத்து அனுப்பிடுவாரு."

அவர் அதைக் கேட்டுக்கொண்டே தகரத்தில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இல்லை என்று மறுத்துக்கூடச் சொல்லவில்லை.

கொட்டகை போட்டது ஒரு ஆடி மாதம். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. தூணுக்குக் குழி வெட்டிக் கான்கிரீட் போடலாம் என்றால், வேண்டாம் என்று பழைய தார் டிரம்மை நிறுத்தி, உள்ளே தூணை வைத்து, சுற்றிலும் கல்லும் மணலும் கொட்டி இறுக்கினார். தூண்களில் பனைமரம் உண்டு, சவுக்கு உண்டு, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தல் குழாயும் உண்டு. ஒன்றுக்கொன்று உயரம் சேராது. சேராததை அறுக்கவும் விடமாட்டார். அறுத்துவிட்டால் கொடுத்தவருக்கு நீளம் குறைந்துபோகும் என்பார். குட்டையானதற்கு அடியில் கருங்கல்லை வைத்து மட்டம் பார்த்தோம். தகரத்தில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டை வழியாக மட்டும்தான் கொக்கி போட வேண்டும். புதிதாக ஒரு ஓட்டை போட்டேன் என்று தெரிந்தால் அந்தத் தகரத்தின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு தடவிப் பார்ப்பார். திட்ட மாட்டார். அவர் தடவுவதைப் பார்த்த பிறகு நமக்கே டிரில்லை எடுக்கத் தோன்றாது.

இவை எல்லாவற்றையும் தாங்கியது நடுவில் போட்ட உத்தரம். நல்ல கனமான வேம்பு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு அம்மாவின் ஓட்டு வீட்டைப் பிரித்தபோது வாங்கியது. கான்கிரீட் போட்டு மெத்தை வீடு கட்டப்போகிறோம் என்று அவர்கள் சந்தோஷமாகப் பிரித்த வீடு. அந்த உத்தரத்தை மட்டும் அவர் டிராக்டரில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். வைத்து முடித்ததும், இரண்டு பக்கமும் சரிவாகத் தகரம் இறங்கி, கொட்டகை ஒரு மாதிரி நின்றுவிட்டது. அழகு என்று சொல்ல முடியாது. காற்று அடித்தால் மலையேறுகிற பஸ் மாதிரி எல்லா மூலையிலும் சத்தம் வரும். ஆனால் அசையவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவர் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு நட்டுக்கும் கிரீஸ் தடவுவார். துருப்பிடித்தால் கழட்ட முடியாது அல்லவா.

மில் நன்றாக ஓடியது. வேம்பு, பூவரசு, தென்னை, தைலமரம் என்று சொந்த நிலத்தில் வெட்டியதை விவசாயிகள் கொண்டுவந்து போடுவார்கள். கதவுச் சட்டம், கட்டில் கால், மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு ரீப்பர் சட்டம் என்று அறுத்துக்கொண்டு போவார்கள். நிழலும் கூரையும் இருந்ததால் மழை நாளிலும் வேலை நடந்தது. அவருடைய குடும்பம் கொஞ்சம் நிமிர்ந்தது அப்போதுதான்.

தகரம் விற்ற ரைஸ்மில்காரர் வந்தது அடுத்த கோடையில். காரில் வந்து இறங்கி, காருக்கு நிழல் போட வேண்டும், என் தகரத்தைக் கொடுக்கிறாயா என்று கேட்டார். புதுத் தகரம் வாங்க முடியாத ஆள் இல்லை அவர். நம் ஆள் ஏணியை எடுத்தார். தகரம் போன இடத்தில் ஃபிளெக்ஸ் பேனர்களைக் கட்டினார். பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் தலைகீழாகத் தொங்கின. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த ஆள் சும்மா கேட்டுப் பார்க்கிறார், அவருக்கு என்ன குறைச்சல் என்று சண்டை போட்டேன்.

"கேட்டாரு, குடுத்தேன். அவுருக்கு வேணுமா வாணாமான்னு நான் விசாரண பண்ணிக்கினு நிக்கறதா?" என்றார்.

அந்தப் பதிலில் எனக்குச் சமாதானம் இல்லை. நல்ல மனுஷன் என்று நினைக்கிற அதே நேரத்தில், இந்த ஆளோடு கூட்டு வியாபாரம் பண்ணினால் கடையைக் கேட்டாலும் கழட்டிக் கொடுத்துவிடுவாரே என்ற பயமும் வரும்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாப்பிள்ளை வீடு உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர். நெல் விவசாயம், மரியாதையான குடும்பம். பெண்ணை அனுப்புகிற நேரம். பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். அண்ணி அழுதுகொண்டிருக்கிறார். இவர் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மகளைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "புடிக்கலன்னா வந்துடு பாப்பா" என்றார்.  மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. வேனில் ஏறுகிற வரைக்கும் அவர்கள் யாரும் இவரோடு பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி மாமியார் ஒரு வருஷம் அந்தப் பெண்ணைக் குத்தினாள் என்று அண்ணி பிறகு சொன்னார்.

அந்தப் பெண் ஒரு தடவை வரத்தான் செய்தாள். பையோடு தனியாக வந்தாள். இவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போய்ப் பையை வாங்கி உள்ளே வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, எப்போது போகிறாய் என்றும் கேட்கவில்லை. அண்ணிதான் மகளிடம் நேரிலும் சம்பந்தி வீட்டிடம் போனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். நெல் அறுப்பு முடிந்து மாப்பிள்ளையே நேரில் வந்தான். கொட்டகையில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து மாமனாரிடம் ஏதோ பேசினான். மகள் தானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள் என்பது மட்டும் எனக்கு ஞாபகம். இப்போது அவர்களுக்கு இரண்டு குழந்தைகள்.

கருணாபுரத்து அம்மா வந்தது, மகள் திரும்பிப் போனதற்கு அடுத்த ஐப்பசியில். அடைமழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். கிளாம்ப்பு ஒன்று மாற்ற வேண்டும் என்று நானும் அங்கே இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரமாகவே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார். டீ குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். மகளைப் பற்றிக் கேட்டார். பெரிய மகன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் பணமும் அனுப்புவதில்லை, போனும் எடுப்பதில்லை என்றார். மெத்தை வீடு பில்லர் எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறதாம். குடியிருக்கிற ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் தலையை மட்டும் தூக்கவில்லை. கூரையைப் பார்த்துவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"உத்தரம் வேணுமாம்மா?" என்று இவரே கேட்டார்.

அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். அதே மனையில் சுவர் வைத்தாயிற்று, மேலே கூரை போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டார். நாளைக்குக் காலையில் வந்துவிடும் என்று சொல்லி இவர் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மரம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. புயலில் விழுந்த மரங்களை ஒரு பெரிய விவசாயி கொண்டுவந்து போட்டு, புது வீட்டுக்குக் கதவு ஜன்னல் அத்தனைக்கும் சட்டம் கேட்டிருந்தார். கார்த்திகைக்குள் வேண்டும் என்பது பேச்சு. உத்தரத்தை எடுத்தால் கூரை மொத்தமும் இறங்கிவிடும்.

"குடுக்க வாணாம்னு சொல்லல. மழ வுடட்டும். தை மாசம் குடுத்தா இன்னா?" என்றார் அண்ணி.

"தை மாசம் அவங்களுக்கு எதுக்கு? மழ இப்ப தானே பெய்யுது."

அண்ணி டீ குடித்த டம்ளர்களைப் பொறுக்கி எடுத்தார். பிறகு உள்ளே போனார். நாங்கள் தகரத்தைக் கழட்ட ஆரம்பித்தபோது ஒரு பையோடு வெளியே வந்து, எங்களைத் தாண்டி நடந்து, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். இவர் ஏணி மேலே நின்றபடி பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் அடுத்த நட்டைக் கழட்டினார்.

கிரீஸ் தடவி வைத்திருந்ததால் எல்லாம் கையாலேயே கழன்றது. உத்தரத்தை இறக்கித் துடைத்தபோது அதில் புதிதாக ஒரு கீறல் இல்லை, ஒரு ஆணி ஓட்டை இல்லை. அது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் கருணாபுரத்துக்கு அவரும் கூடவே போய், அந்த உத்தரத்தைச் சுவர் மேல் ஏற்றி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மிஷினைப் பேனர்களால் மூடி வைத்தோம். ரம்பப் பட்டையை உள்ளே கொண்டுபோய் எண்ணெய் தடவி வைத்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கியது. பெரிய விவசாயி இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, மரத்தை லாரி வைத்து அள்ளிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விட்டார். இவர் தானே சோறு வடித்துத் தின்றுகொண்டு, ஈரத்தில் எஞ்சினைப் பிரித்துப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணியைப் போய்க் கூப்பிட்டு வாருங்கள், நான் வண்டி எடுக்கிறேன் என்றேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அவ வூட்டுக்கு அவ போயிருக்கறா தம்பி."

"நீங்க போய்க் கேட்டா வந்துடுவாங்கண்ணா."

துணியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்தார். "எனக்கு கேக்க வராதுப்பா" என்றார் கடைசியில். "கேட்டா குடுக்கத் தெரியும். குடுத்துட்டு கேக்கறதுதான் கஷ்டம். அந்தம்மா அன்னிக்கி எப்படி தான் பஸ் ஏறி வந்துச்சோ."

அவரோடு பழகிய அத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி இவ்வளவு பேசியது அன்றைக்கு மட்டும்தான். கேட்க வெட்கப்படுகிறவர்களின் வேதனை அவருக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், அவரே அந்த ரகம் என்பதுதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது, யாரிடம் எதைக் கேட்க முடியாமல் திரும்பினார் என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்.

கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் மலையிலிருந்து ஜீப் ஒன்று வந்து நின்றது. மேலேயும் பின்னாலேயும் மரம் நீட்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் அண்ணி. தகவல் தெரிந்ததும் நான் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

ஜீப் டிரைவர்தான் கதையைச் சொன்னார். அண்ணியின் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த கான்கிரீட் வீடு முடிந்து, எல்லாரும் அதில் குடி போய்விட்டார்கள். அப்பா காலத்து வீட்டில் சாமை மூட்டையும் ஆடும்தான் இருந்தன. அப்பன் வீட்டில் எனக்கும் பங்கு உண்டு, எனக்கு நிலம் வேண்டாம், இந்த மரத்தைக் கொடு என்று இந்த அம்மா போய் உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அண்ணன் பெண்டாட்டி சண்டைக்கு வந்தாராம். அண்ணி சாப்பிடாமல்கூட உட்கார்ந்து பார்த்து, கடைசியில் வாங்கிவிட்டார். ஊர்ப் பெரியவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் நிறுத்தி, மரத்தைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அண்ணி இறங்கிப்போய் உத்தரத்தை உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, கரி அப்பிய கையைக் காட்டினாராம். "எங்கம்மா அடுப்புப் பொகைங்க இது. காட்ல எந்த மரத்துலங்க இது இருக்கும்?" காகிதத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மரத்தை இறக்கினோம். பலா. வருஷக்கணக்கில் புகை குடித்துக் கறுத்து, தட்டினால் இரும்பு மாதிரி ஓசை வந்தது. கூரைச் சரிவுக்குப் போடுகிற கைமரங்களும் கூடவே இருந்தன. இவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் அண்ணியிடம் நேராக எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, இந்த சைஸுக்கு கிளாம்ப்பு அளவெடுத்துக்கோ" என்றார்.

"கிளாம்ப்பு வாணாம்" என்றார் அண்ணி.

இவர் நிமிர்ந்தார்.

"இது எங்கப்பன் வூடு. இத்த யாரும் வந்து கேக்க மாட்டாங்க. எங்க அண்ணன் கேக்க மாட்டான், சொல்லிட்டு தான் வந்திருக்கிறன். நானும் கேக்க மாட்டேன். ஆணி அடி."

அவர் உத்தரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இல்ல, எதுக்கும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நாங்கள் ஆள் சேர்த்து உத்தரத்தைத் தூண்கள் மேல் ஏற்றினோம். கைமரங்களைச் சாய்த்து வைத்தோம். ஆணியும் சுத்தியலும் கீழே கிடந்தன. அவற்றை அவர் பார்த்தார், எடுக்கவில்லை. நான் எடுக்கலாமா என்று யோசித்தேன். அது என் வேலை இல்லை என்று பட்டது. அண்ணிதான் குனிந்து எடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். மலையில் பலா மரம் ஏறி வளர்ந்தவர், ஏணி ஒன்றும் பெரிதில்லை. இவர் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் ஆணி பாதி இறங்கி வளைந்துவிட்டது. காய்ந்த பலாவில் லேசில் இறங்காது. அண்ணி அதை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். அது இன்னும் வளைந்தது. 

"அத்த வுட்டுடு" என்றார் இவர். "கொஞ்சம் சாய்ச்சி புடிச்சி அடி. தோ, பெரிய ஆணி தரேன்."

டப்பாவில் தேடி நீளமான ஆணி ஒன்றை எடுத்து, நுனியைச் சட்டையில் துடைத்து, கையை உயர்த்தி நீட்டினார். அண்ணி குனிந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் தகரம் ஏறுகிற வரைக்கும் இவர் மேலே ஏறவே இல்லை. ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆணி ஆணியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.